யாழ் மேடையில் எதை வாசிப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளாகச் சென்னையிலும் வேறு ஊர்களிலும் இளைஞர்கள் மரம் குடைந்து, தோல் போர்த்தி, தந்தி கட்டி யாழ் செய்கிறார்கள். கச்சேரி மேடைகளிலும் யாழைப் பார்க்க முடிகிறது. எனக்கு அதில் அளவில்லாத சந்தோஷம். ஆனால் மேடையேறிய யாழில் பெரும்பாலும் நாம் கேட்பது பழகிய கீர்த்தனை, இல்லையென்றால் சினிமாப் பாட்டு. கருவி வந்துவிட்டது, அதன் இசை இன்னும் வரவில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

யாழ் எப்படி இருந்தது என்று பொருநராற்றுப்படை நெருங்கி நின்று காட்டுகிறது. மானின் குளம்பு பதிந்த தடம் போல நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தர், அதாவது ஒலியைப் பெருக்கும் குடம். அதன்மேல் இழுத்துப் போர்த்திய தோல். துளைகளை அடைத்த ஆணிகள் வளைக்குள் இருக்கும் நண்டின் கண்கள் போல இருக்கின்றன. படமெடுத்த பாம்பு போல நிமிர்ந்த கரிய தண்டு. அந்தத் தண்டில், பெண்ணின் முன்கை வளையல் போல வரிசையாக இறுகிய திவவுகள். திவவு என்பது நரம்பைத் தண்டோடு பிணைக்கும் வார்க்கட்டு. அதை மேலும் கீழும் நகர்த்திச் சுருதி சேர்ப்பார்கள். மியன்மாவின் சவுங் என்ற வளைந்த யாழில் இப்படிப்பட்ட கட்டுகளை அண்மைக்காலம் வரை பார்க்க முடிந்தது. யாழ் செய்கிறவர்கள் அந்தக் கருவியையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பேன்.

சரி, இந்த அமைப்புக்கும் இசைக்கும் என்ன தொடர்பு? வீணையின் தண்டில் மெட்டு உண்டு, அதாவது தந்தியை அழுத்துவதற்கான குறுக்குக் கட்டைகள். ஒரே தந்தியை அழுத்தியும் இழுத்தும் பல சுரங்களை வாங்கலாம், சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் அதில் குழைந்து வரும். யாழில் அந்தக் கட்டைகள் கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். திருஞானசம்பந்தர் பாடிய 'மாதர் மடப்பிடி' பதிகத்தைத் தம் யாழில் அடக்க முடியாமல் திருநீலகண்ட யாழ்ப்பாணர் தவித்தார் என்று பெரியபுராணம் சொல்கிறதே, அதைப் பக்திக் கதையாகக் கேட்பதோடு கருவியின் எல்லையைச் சொல்லும் சாட்சியாகவும் கேட்கலாம். குரலின் குழைவைத் திறந்த நரம்பு எட்டாது. கீர்த்தனையை யாழில் வாசித்தால் அது இளைத்துப்போய்க் கேட்பதும் இதனால்தான்.

ஆனால் யாழுக்கென்று ஒரு பலம் இருக்கிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பவை ச ரி க ம ப த நி என்ற ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்கள். பாலை என்பது அந்த ஏழும் அமையும் ஒரு முறை. ஏழு நரம்புகளைச் செம்பாலை என்ற முறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைய கணக்கில் அது அரிகாம்போதி இராகம். இப்போது எந்த நரம்பையும் தளர்த்தாமல், துத்தத்தையே குரலாக, அதாவது ஆதார சுரமாக வைத்துத் தொடங்கினால் படுமலைப்பாலை பிறக்கும், அதாவது நடபைரவி. உழையிலிருந்து தொடங்கினால் அரும்பாலை என்கிற சங்கராபரணம். தாரத்திலிருந்து தொடங்கினால் மேற்செம்பாலை, நம் கல்யாணி. நரம்புகளைச் சேர்த்தது சேர்த்தபடியே இருக்க, பாலைக்குப் பாலை மாறிக்கொண்டே போகலாம். சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் விரிவது இந்த இசைதான்.

இந்தக் கணக்கைத் தம் காலத்தில் எல்லோரையும்விட ஆழமாகப் போட்டுப் பார்த்தவர் மட்டக்களப்பு மண்ணில், காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலானந்த அடிகள். தமிழறிஞர், விஞ்ஞானமும் படித்தவர். அவருடைய யாழ் நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அவர் ஆராய்ந்து சொன்ன அளவுகளில் யாழ்களைச் செய்து இசைத்தும் காட்டினார்கள். அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அவர் இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் யாழ்க் கச்சேரி என்பது நமக்கு இவ்வளவு புதிதாக இருந்திருக்காது என்ற ஆதங்கம் எனக்கு இன்றுவரை உண்டு. அவர் முடிவுகளில் சிலவற்றை ஏற்காத அறிஞர்கள் உண்டு. பாலைகளுக்கு இன்றைய இராகப் பெயர் சொல்வதிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த விவாதத்தை ஏட்டில் மட்டும் நடத்தாமல் மேடையில் வாசித்துக் காட்டி நடத்தலாம் என்பது என் ஆசை.

அப்புறம், பெரிய யாழே வேண்டும் என்றும் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். குமிழமரத்தின் உள்துளை உள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழில் குறிஞ்சிப் பண் வாசிக்கிறான். அதைத் தம் இனத்தின் குரல் என்று நினைத்து வண்டுகள் காதுகொடுக்கின்றன. அப்படி ஒரு சின்ன வில்யாழை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் குறிஞ்சி மட்டும் வாசித்தாலே எனக்குப் போதும். தேவாரத்துக் குறிஞ்சிப் பண்ணை ஓதுவார்கள் அரிகாம்போதியில் பாடி வருகிறார்கள். அவர்களில் ஒருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளலாம்.

யாழ் வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கச்சேரியில் முதல் அரைமணி நேரத்தைப் பாலைகளுக்குக் கொடுங்கள். ஒலிபெருக்கியைக் குறைத்து வையுங்கள். 'இப்போது குரல் மாறுகிறது, கேளுங்கள்' என்று சபைக்குச் சொல்லிவிட்டு, செம்பாலையிலிருந்து படுமலைக்கும் அங்கிருந்து அடுத்ததற்கும் போங்கள். கேட்க ஆள் வரும். நான் முதல் வரிசையில் இருப்பேன்.

வணக்கம்.