குடியானவர்களின் கேடயம்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நெதர்லாந்தின் வடக்கு ஓரத்தில், வாடன் கடலை ஒட்டி ஃப்ரீஸ்லாந்து என்றொரு மாகாணம் இருக்கிறது. தலைநகர் லேவார்டன். பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் நம் பால் பண்ணைகளில் ஹெச்.எஃப். மாடு என்கிறோமே, அதில் வரும் எஃப் இந்த ஊரைத்தான் குறிக்கிறது. புல்வெளி, வாய்க்கால், ஏரி, கறுப்பு வெள்ளை மாடு, தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம். இவ்வளவுதான் அந்த ஊர்க் காட்சி. அங்கே மலையும் இல்லை, மலைமேல் கோட்டையும் இல்லை.

இப்படிப்பட்ட ஊரில்தான் கேடயச் சின்னமும், அதாவது கேடய வடிவத்துக்குள் வரைந்த அடையாளமும், கொடியும் கண்ட இடமெல்லாம் கண்ணில் படும். கேடயச் சின்னம் என்றால் போர்வீரன், பிரபு, பரம்பரை என்றுதான் நமக்கு நினைப்பு ஓடும். ஃப்ரீஸ்லாந்தில் அதை வைத்துக்கொண்டவர்களில் பெரும்பகுதி விவசாயிகள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் அந்த மாகாணத்தின் ஊராட்சிச் சின்னங்கள் எல்லாம் தானாகப் புரியத் தொடங்கும்.

முதலில் மாகாணக் கொடியைப் பார்த்துவிடுவோம். சாய்வாக ஓடும் 4 நீலப் பட்டைகள், 3 வெள்ளைப் பட்டைகள். வெள்ளைப் பட்டைகளில் மொத்தம் 7 சிவப்பு உருவங்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் இதயம் என்றே நினைப்பார்கள். ஹீரன்வேன் கால்பந்து அணியின் சட்டையிலும் அவை இருப்பதால் உலகம் முழுக்க அந்தத் தப்பு பரவிவிட்டது. உண்மையில் அது மஞ்சள் ஆம்பலின் இலை. வாய்க்காலில் மிதக்குமே, அதே இலைதான். உள்ளூர்க்காரர்கள் பொம்பெப்ளேட் என்பார்கள். வரையும்போது இதய வடிவம் வந்துவிடக் கூடாது என்று அரசு விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழு என்பது இடைக்காலத்தில் இந்தக் கடலோரம் நெடுக இருந்த ஃப்ரீசியக் கடல்நாடுகளைக் குறிக்கிறது. அந்த ஏழு எவை என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். ஏழு என்பது ‘பல’ என்ற பொருளில் வந்திருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்தக் கொடிக்கு மாகாண அவை இன்றைய வடிவத்தை உறுதிசெய்தது 1957இல்.

அந்தக் கடல்நாடுகளின் காலத்தில் ஃப்ரீசியர்களுக்கு நடுவில் ஒரு பிரபு கிடையாது. புனித ரோமானியப் பேரரசர் எங்கோ தொலைவில் இருந்தார். அவருக்கும் தங்களுக்கும் இடையில் எந்தத் துரையும் வரக் கூடாது என்பதே அவர்கள் கொள்கை. பேரரசர் சார்லமேனே இந்தச் சுதந்திரத்தை எழுதிக் கொடுத்தார் என்று ஒரு பத்திரத்தையும் காட்டினார்கள். பத்திரம் போலி. ஆனால் அதன்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை அசல்.

அந்த நம்பிக்கை கேடயத்தில் எப்படி ஏறியது பாருங்கள். ஃப்ரீசிய விவசாயக் குடும்பம் ஒன்றின் கேடயம் இரண்டாகச் செங்குத்தாகப் பிளந்திருக்கும். நம் பார்வைக்கு இடப்பக்கம், தங்க நிறப் பின்னணியில், ஒரு கறுப்புக் கழுகின் பாதி உடல்: ஒரு இறக்கை, ஒரு கால், நடுக்கோட்டை ஒட்டி வெட்டுப்பட்ட மார்பு. இது பேரரசரின் கழுகு. நாங்கள் நேராக அவருக்குக் கீழே என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். வலப்பக்கம் மூன்று மூவிலைப் புற்கள் இருக்கும், அல்லது ஓக் கொட்டைகள், அல்லது ஒரு நட்சத்திரமும் ஒரு ரோஜாவும். சொந்த நிலம் வைத்திருந்த குடியானவர்களின் அடையாளம் இது. பேரரசரின் பறவையும் மாடு மேயும் புல்லும் ஒரே கேடயத்தில், சமமான இடத்தில். இதைவிடத் தெளிவாக ஒரு விவசாயி தன் அரசியலைச் சொல்லிவிட முடியாது.

நாட்டுப்புற நிர்வாகமும் இதே மனப்போக்கில்தான் நடந்தது. ஃப்ரீஸ்லாந்து முழுவதும் 11 நகரங்கள், மீதி எல்லாம் 30 கிராமப் பகுதிகள். அந்தப் பகுதிக்கு கிரீட்டனை என்று பெயர், தலைவர் கிரீட்மன். பனி உறைந்தால் அந்த 11 நகரங்களையும் சுற்றி ஏறக்குறைய 200 கிலோமீட்டர் சறுக்கி ஓடும் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. கடைசியாக நடந்தது 1997 ஜனவரியில். நகரங்களுக்கு இப்படி ஒரு பந்தயம் வாய்த்துவிட்டது, பெயர் நின்றுவிட்டது. கிரீட்டனைகளை வெளியூரில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவற்றுக்கு மிஞ்சியது கேடயம்தான்.

அதற்கும் ஒரு கண்டம் வந்தது. 1795இல் பிரெஞ்சுப் புரட்சியின் அலை நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்தபோது, எல்லோரும் சமம், இனி யாருக்கும் குலச்சின்னம் கூடாது என்றார்கள். ஃப்ரீஸ்லாந்தில் அதை ஒப்புக்குச் செய்யவில்லை. தேவாலயங்களுக்குள் ஆள் அனுப்பி, தரையில் பதித்த கல்லறைப் பலகைகளில் இருந்த சின்னங்களை உளியால் கொத்தி எடுத்தார்கள். இன்றும் கிராமத் தேவாலயங்களில் அந்தக் கற்களைப் பார்க்கலாம். சுற்றிலும் பூவேலை அப்படியே இருக்கும். இறந்தவரின் பெயரும் ஆண்டும் கூர்மையாக இருக்கும். நடுவில், கேடயம் இருந்த இடத்தில் மட்டும் கரடுமுரடான பள்ளம். சில கற்களில் உளி அவசரமாக ஓடியிருக்கிறது. சாய்வு வெளிச்சத்தில் கழுகின் இறக்கை விளிம்பு தெரியும். சமத்துவத்தின் பெயரால் அழிக்கப்பட்டவற்றில் பிரபுக்களின் சின்னங்களோடு, எங்களுக்குப் பிரபுவே இல்லை என்று சொன்ன விவசாயிகளின் சின்னங்களும் இருந்தன. வரலாற்றுக்கு இந்த மாதிரி நகைச்சுவை அடிக்கடி தோன்றும்.

நெப்போலியன் போனார், அரசாட்சி வந்தது. 1814இல் பிரபுக்கள் உயர் அவை என்ற அலுவலகத்தை அமைத்தார்கள். ஊர்கள் தங்கள் சின்னங்களை அங்கே பதிவுசெய்துகொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஃப்ரீசிய கிரீட்டனைகளில் பலவற்றின் சின்னங்கள் 1818இல் அதிகாரபூர்வமாக உறுதியாயின. நாடு முழுக்க நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பல ஊர்கள் தங்கள் பழைய முத்திரையின் பதிப்பை மட்டும் அனுப்பின. நிறம் என்ன என்று எழுதவில்லை. மெழுகு முத்திரையில் நிறம் ஏது? நிறம் குறிப்பிடாத சின்னங்களுக்கெல்லாம் நீலப் பின்னணி, தங்க உருவம் என்று அலுவலகம் போட்டுவிட்டது. அவை அரச நிறங்கள். நெதர்லாந்தின் ஊர்ச் சின்னங்களில் இவ்வளவு நீலமும் தங்கமும் இருப்பதற்கு ஒரு காரணம், விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டது. அரசு அலுவலகங்களோடு பழகிய யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது.

1851இல் நகராட்சிச் சட்டம் வந்தது. கிரீட்டனை என்ற பெயர் போய் எல்லாமே நகராட்சிகள் ஆயின. சட்டத்தின் கண்ணில் நகரமும் கிராமப் பகுதியும் ஒன்றுதான் என்றாயிற்று. சின்னங்கள் மட்டும் மாறாமல் கைமாறின.

சரி, இந்தச் சின்னங்களில் என்னதான் இருக்கிறது? எனக்குப் பிடித்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆமலாந்து ஒரு தீவு. அதன் கேடயத்தில் ஒரு பிறைநிலா, பக்கத்தில் மூன்று கிடைப் பட்டைகள். சின்னவியல் அறிஞர்களைக் கேட்டால், தீவை ஆண்ட குடும்பம், அதன் கிளை என்று ஒரு விளக்கம் வரும். அக்கரையில் இருப்பவர்கள் வேறு விளக்கம் வைத்திருக்கிறார்கள், அதுவும் பாட்டாக: ஆமலாந்துப் போக்கிரிகள் மூன்று உத்தரங்களைத் திருடினார்களாம், அதுவும் இரவில் நிலா வெளிச்சத்திலாம், அதனால் அதுவே அவர்கள் சின்னமாகிவிட்டதாம். பக்கத்து ஊர்க்காரனின் கேலி எவ்வளவு கச்சிதமாகக் கேடயத்தைப் படித்துவிடுகிறது! நிலாவுக்கும் கணக்கு வந்துவிட்டது, மூன்று பட்டைக்கும் கணக்கு வந்துவிட்டது.

ஸ்கீர்மோனிகோக் இன்னொரு தீவு. அதன் கேடயத்தில் ஒரு துறவி நிற்கிறார். தரைப்பகுதியில் இருந்த கிளார்காம்ப் மடத்தின், சிஸ்டர்சியம் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகளுக்கு ஒரு காலத்தில் இந்தத் தீவு சொந்தமாக இருந்தது. அவர்களின் சாம்பல் நிற அங்கிதான் தீவின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. 1580இல் ஃப்ரீஸ்லாந்தில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தச் சமயம் ஆட்சிக்கு வந்து மடங்களை மூடியது, சொத்துகளைப் பறித்தது. துறவி போய்விட்டார். ஆனால் கேடயத்தில் இருந்து யாரும் அவரை இறக்கவில்லை. போதாதென்று ஊரில் அவருக்கு ஒரு சிலையும் வைத்திருக்கிறார்கள்.

டெர்ஸ்கெலிங் தீவின் கொடியில் ஐந்து கிடைப் பட்டைகள்: சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, வெள்ளை. அதற்கும் ஒரு பாட்டு உண்டு. சிவப்பு மேகம், நீலம் வானம், மஞ்சள் மணல்மேட்டுக் கோரை, பச்சை புல், வெள்ளை மணல் என்று வரிசையாகச் சொல்லி, இவை டெர்ஸ்கெலிங்கின் நிறங்கள் என்று முடியும். மேலிருந்து கீழாக அந்த இடத்தைப் பார்க்கிற வரிசை அது. கவனித்தீர்களா, தீவின் கொடியில் கடலைக் காணோம்! சுற்றிலும் கடலையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கொடியில் வேறு அது எதற்கு என்று விட்டிருப்பார்களோ என்னவோ. இந்தத் தீவு 1942 வரை வடக்கு ஹாலந்து மாகாணத்தில் இருந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில்தான் ஃப்ரீஸ்லாந்தோடு சேர்ந்தது. ஆம்பல் இலை அதன் கொடியில் இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தென்கிழக்கே போனால் ஸ்டெலிங்வெர்ஃப் என்ற பகுதி, கிழக்கு, மேற்கு என்று இரண்டு நகராட்சிகள். இரண்டின் கேடயத்திலும் கிரிஃபின் நிற்கிறது: கழுகுத் தலை, இறக்கை, சிங்க உடல். அங்கே உள்ளவர்கள் பேசுவது ஃப்ரீசிய மொழி இல்லை, கீழ்ச் சாக்சன் வகை. இடைக்காலத்தில் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட விவசாயிகள் அவர்கள். மாகாணக் கேடயத்தில் உள்ள சிங்கமும் வேண்டாம், மற்றவர்களின் அரைக் கழுகும் வேண்டாம் என்று இரண்டையும் ஒட்டவைத்த ஒரு பிராணியை எடுத்துக்கொண்டார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆதாரம் கேட்காதீர்கள், இது என் சொந்த ரசனை.

இதுவரை பெரும்பாலும் கேடயத்தைப் பற்றித்தான் பேசினேன். கொடி மிகவும் பிந்தி வந்தது. 1938இல் அரசி வில்ஹெல்மினாவின் ஆட்சிக்கு 40 ஆண்டு நிறைவு விழா. அணிவகுப்பில் எல்லா நகராட்சிகளின் கொடியும் வர வேண்டும். பல நகராட்சிகளிடம் கொடியே இல்லை. அவசரத்துக்குக் கேடயத்தின் நிறங்களைப் பட்டைகளாக்கி, மூலையில் மாகாணச் சின்னத்தை வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். விழா முடிந்ததும் அவற்றில் பலவற்றை ஊர்கள் மறந்துபோயின. போருக்குப் பிறகு, 1950களிலும் 60களிலும்தான் நகராட்சிகள் சொந்தக் கொடி வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தன. அந்தக் காலத்தில் இந்த வேலைக்காகவே உழைத்தவர் கிளாஸ் சியர்க்ஸ்மா. நெதர்லாந்தின் நகராட்சிச் சின்னங்களை எல்லாம் ஒன்றாகத் தொகுத்தார். கொடியியலுக்கென்று நடந்த முதல் உலக மாநாடு 1965இல் அவர் முயற்சியால் மைடர்பெர்க் என்ற சிற்றூரில் கூடியது.

கேடயத்துக்கும் கொடிக்கும் சட்டத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. கேடயத்தை மாற்ற அரசாணை வேண்டும். பிரபுக்கள் உயர் அவை வழியாகப் போய் மன்னர் கையெழுத்தாக வேண்டும். கொடிக்கு உயர் அவையின் ஆலோசனை கேட்பது வழக்கம், ஆனால் நகராட்சி மன்றமே கைதூக்கி முடிவு செய்துவிடலாம்.

அப்புறம் இணைப்புகள் தொடங்கின. ஃப்ரீஸ்லாந்தில் 44 நகராட்சிகள் இருந்தன. 1984இல் 31 ஆயின. 2019இல் 18. ஒவ்வொரு இணைப்பிலும் பழைய கேடயங்களும் கொடிகளும் சட்டப்படி காலாவதி. புதிய நகராட்சி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்தவர்கள் எல்லோரும் தங்கள் பழைய சின்னத்தில் ஒரு துண்டாவது உள்ளே வர வேண்டும் என்பார்கள். ஒரு கேடயத்துக்குள் எத்தனையைத் திணிப்பது? லிட்டன்செராடீல் 1984இல் இரண்டு பழைய நகராட்சிகளைச் சேர்த்துப் பிறந்தது. 2018இல் மூன்று நகராட்சிகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கப்பட்டது. போர்ன்ஸ்டர்ஹிம் அதே 1984இல் பிறந்து, 2014இல் நான்காகப் பிரிந்தது. இரண்டுக்கும் கொடி இருந்தது, கேடயம் இருந்தது. முப்பது ஆண்டுகளில் ஒரு கொடி பழகித்தான் போகும். அதற்குள் கொடிக்கம்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஊர் யோசிக்கிற நிலை.

ஊர்கள் செய்தது என்னவென்றால், கொடியை இன்னும் கீழே இறக்கிக்கொண்டன. ஃப்ரீஸ்லாந்தில் 400க்கும் மேற்பட்ட கிராமங்கள். அவற்றில் மிகப் பல தங்களுக்கென்று தனிக் கொடியும் கேடயமும் வைத்திருக்கின்றன. நகராட்சி பெரிதாகப் பெரிதாக, அடையாளம் கிராமத்துக்கு இறங்கிவிட்டது. என் பார்வையில் ஃப்ரீஸ்லாந்தின் சின்னங்களில் இன்று உயிரோட்டம் உள்ள இடம் இதுதான். புதிய நகராட்சிகளின் கேடயங்களில் எனக்குப் பேச்சுவார்த்தையின் வாசனைதான் அடிக்கிறது.

கிராமம் சட்டப்படி ஒரு நிர்வாக அமைப்பு இல்லை. எனவே பிரபுக்கள் உயர் அவை அதன் சின்னத்தைப் பதிவுசெய்யாது. அந்த வேலையை ஃப்ரீசிய மொழி ஆய்வுக்காக 1938இல் தொடங்கிய ஃப்ரிஸ்கெ அகாடமியைச் சார்ந்த சின்னவியல் குழு எடுத்துக்கொண்டது. ஊர்நலச் சங்கம் எழுதிக் கேட்கும். குழு ஊரின் வரலாற்றைத் தோண்டும்: பழைய முத்திரை, நிலத்தின் தன்மை, தேவாலயப் புனிதர், ஊர்ப் பெயர். கடல்வெள்ளத்துக்குப் பயந்து முன்னோர்கள் குவித்த மேட்டின்மேல் அமைந்த ஊர் என்றால் கேடயத்தின் அடியில் பச்சை மேடு வரும். மேய்ச்சல் ஊர் என்றால் மூவிலைப் புல். பழைய விதியையும் விடமாட்டார்கள்: மஞ்சளும் வெள்ளையும் உலோக நிறங்கள், சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு மற்றொரு வகை, உலோகத்தின்மேல் உலோகமோ, நிறத்தின்மேல் நிறமோ வைக்கக் கூடாது. தூரத்தில் இருந்து பார்க்கும்போது கண்ணுக்குப் பிரிந்து தெரிய வேண்டும் என்பதற்காக அமைந்த விதி. மழைமூட்டத்தில், தட்டையான வயலின் அந்தக் கோடியில் பறக்கும் கொடிக்கு அது இன்றைக்கும் பொருந்துகிறது. பெயரெழுத்தோ நிழற்படமோ விளம்பர வாசகமோ சேர்ப்பதில்லை.

இந்தப் பதிவுக்கு அரசின் முத்திரை எதுவும் கிடையாது. இருந்தாலும் ஊர் விழாவுக்கு ஏற்றும் கொடியைக் குழுவிடம் காட்டிப் பெயர் பதிந்துகொண்ட பிறகே தைக்கக் கொடுக்கிறார்கள். வரைபடத்தோடு, ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு உருவமும் ஏன் வந்தது என்ற விளக்கமும் சேர்த்தே பதிவாகிறது. ஆமலாந்து மாதிரி ஒரு பாட்டுக் கட்டிவிட அக்கரைக்காரர்களுக்கு இனி அவ்வளவு சுலபமாக இடம் கிடைக்காது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். இதயம் இல்லை, ஆம்பல் இலை என்பதை மட்டும் திரும்பக் கேட்காதீர்கள். நன்றி.