செங்கோட்டை ரயிலடியில் ஓர் அறை வேண்டும்

விழாத் தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர்களே, வணிகர் சங்கப் பெரியோர்களே, ஆரியங்காவிலிருந்தும் புனலூரிலிருந்தும் மலை கடந்து வந்திருக்கும் அன்பர்களே, ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளத் தோழர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த நிர்வாகத்தாரே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். காய்ச்சலையும் பொருட்படுத்தாமல் வந்து தலைமை தாங்கும் ஐயா அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் செங்கோட்டை-கொல்லம் ரயில் பாதை பிறந்த கதை, மலையில் அதைக் காத்த தொழிலாளியின் கதை, எஞ்சியவற்றைக் காக்கும் வழி என மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். உப்பின் அருமை உப்பில்லாவிட்டால் தெரியும் என்பார்கள். 2010இல் மீட்டர் கேஜ் என்னும் குறுகிய பாதையில் ஓடிய வண்டி நின்று, 2018இல் அகலப்பாதை முழுமையாகத் திறக்கும்வரை, மலைக்கு இருபுறமும் உள்ள நாம் அதை நன்றாக உணர்ந்தோம்.

மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் போட்ட பாதையில் 1904இல் கொல்லத்துக்கு ரயில் ஓடியபோது, செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1இல் ஊர் தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லைதான் மாறியது, கொண்டான் கொடுத்தான் உறவும் ரயிலும் மாறவில்லை.

என் பெரியப்பா பகவதிபுரம் பக்கம் கேங்மேனாக, அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளியாக இருந்தார். ஓர் ஆனி மாதத்து இரவு, கொட்டும் மழையில் கைவிளக்கோடு ரோந்து போனவர், வளைவில் மண் சரிந்து தண்டவாளத்தை மூடிக்கிடக்கக் கண்டார். வண்டி வரும் திசையில் ஓடி, தண்டவாளத்தில் பட்டாசைக் கட்டினார். அது தீபாவளிப் பட்டாசு அல்ல, சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் தகர வில்லை. வண்டி நின்றது. உள்ளே தென்காசியிலிருந்து புனலூர் போகும் கல்யாண வீட்டார்! விடிந்தால் முகூர்த்தம். மாப்பிள்ளையின் தாய்மாமன் குதித்திறங்கி, "ஏன்யா நிறுத்துன?" என்று பெரியப்பாவின் சட்டையைப் பிடித்தாராம். இவர் பதில் பேசாமல் அவரை வளைவுவரை அழைத்துப்போய், விளக்கைத் தூக்கிக் காட்டினார். சட்டையைப் பிடித்த கை கும்பிட்டது. விடிய விடிய மண் அள்ளியவர்களுக்குக் கல்யாணப் பலகாரம் கிடைத்தது. முகூர்த்தம் பிந்திய வேளைக்குத் தள்ளிப்போயிற்று. அந்தத் தாய்மாமன் சாகும்வரை பொங்கலுக்குப் பெரியப்பாவுக்கு வேட்டி கொடுத்தனுப்பினார்.

அந்தக் கைவிளக்கு இன்று எங்கே? பழைய இரும்போடு ஏலம் போனதாகத்தான் கேள்வி. இதே பாதையில் கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தைப் பலப்படுத்தி நிறுத்தியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் ஒற்றைப் பாதையில் அடுத்த நிலையம்வரை போக ஓட்டுநருக்கு அனுமதியாகத் தரும் டோக்கனை, ஓடும் வண்டியில் வாங்கவும் கொடுக்கவும் நீட்டிய, தோல்பை தொங்கும் பிரம்பு வளையத்தை யார் காத்தார்கள்? அட்டை டிக்கெட்டில் தேதி குத்திய இயந்திரத்தை? உப்பின் அருமை உப்பில்லாவிட்டால்தான் தெரியவேண்டும் என்று நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? இவற்றை வைக்க நம் ரயிலடியிலேயே ஓர் அறை ஒதுக்கப்பட வேண்டும். வேறு ஊர் அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்த அறையின் பொறுப்பை, கருவிகளைக் கையாண்ட தொழிலாளர்களிடமே தரவேண்டும். எந்த வளையத்தை எந்தக் கையால் பிடிப்பது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மண்டப வாயிலில் மனு இருக்கிறது. அனைவரும் கையெழுத்திட வேண்டுகிறேன். வீட்டில் பழைய விளக்கோ, பணிப் புத்தகமோ, புகைப்படமோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாமல் செயலாளரிடம் ஒப்படையுங்கள். பெயர் எழுதி ரசீது தருவார்.