"ம்" என்ற ஒற்றைப் பதில்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலை முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றுகிறார். "இன்னைக்கு எப்படிப் போச்சு?" "ம்." "ஸ்கூல்ல கூப்பிட்டாங்களே, பேசினீங்களா?" "அப்புறம் பார்க்கலாம்." நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் பொறுமையாகப் பேசிய அதே ஆள்தான். இருந்த பொறுமையெல்லாம் அங்கேயே செலவாகிவிட்டது.

உடல் அசதி தூங்கினால் தீரும். வேலை நெருக்கடியால் வரும் மன வறட்சி (பர்ன்அவுட்) அப்படித் தீராது. இதை அளக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் தந்த அளவுகோல் மூன்றைப் பார்க்கிறது: உணர்வு வற்றுவது, எதிரில் இருப்பவரிடம் மரத்துப்போவது, செய்வதெல்லாம் வீண் என்று தோன்றுவது. வீட்டை அதிகம் பதம் பார்ப்பது இரண்டாவதுதான். துணை சொல்வது இன்னொரு புகாராகவும், பிள்ளை கேட்பது இன்னொரு வேலையாகவும் காதில் விழும்.

1989இல் உளவியலாளர் ரீனா ரெபெட்டி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ஆராய்ந்தார். வேலை நெருக்கிய நாள்களில் அவர்கள் வீட்டில் ஒதுங்கியிருந்தார்கள். கோபமும் குறைவாகவே வந்தது. ஆக, ஒதுங்குவது தப்பில்லை. சொல்லாமல் ஒதுங்குவதுதான் வினை. காத்திருந்தவர் காரணத்தைத் தானே கற்பித்துக்கொள்கிறார்: "என் மேல என்ன கோபம்?" அவர் துருவத் துருவ, இவர் இன்னும் உள்ளே போவார்.

வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "இன்னைக்கு ரொம்ப முடியல. உங்க மேல ஒண்ணுமில்ல. எட்டு மணிக்கு வந்து உட்கார்றேன்." பலரும் அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள். சொல்லிவிட்டு எட்டு மணிக்கு வராமல் போனாலும் வம்புதான். மூன்றாம் முறை யாரும் நம்ப மாட்டார்கள். எட்டு மணி வரை ஒதுங்கியிருக்கும் நேரத்தில் அலுவலக வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தால் அது ஓய்வே இல்லை. குளியுங்கள், சும்மா நடந்துவிட்டு வாருங்கள்.

இருவருமே வேலைக்குப் போகிறவர்கள் என்றால், பிள்ளையை முதலில் யார் பார்ப்பது என்று நாள் முறை வையுங்கள். பேசி வைக்காத வீட்டில் அது பெரும்பாலும் பெண் தலையில்தான் விழுகிறது. கடன், பெற்றோர் பராமரிப்பு போன்ற பேச்சை இரவு பத்து மணிக்கு எடுக்காதீர்கள். விடுமுறை நாள் காலையில் அரை மணி நேரம் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த மன வறட்சியை வேலை சார்ந்த நிலை என்றே வரையறுத்தது, நோய் என்று சொல்லவில்லை. அதனால் வேலை நேரத்தையும் பளுவையும் குறைக்க மேலாளரிடம் பேசித்தான் ஆக வேண்டும். வீட்டார் அனுசரித்துப்போவது மட்டும் போதாது. ஆனால் விடுமுறையிலும் தெளியாமல், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பிடித்தவற்றிலும் நாட்டம் போய்விட்டால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். முதல் முறை துணையையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கவனிக்காத மாற்றங்களை அவர் சொல்வார்.