பெரிய வேலைக்கு வாக்கு, சின்ன வேலைக்கு வழி

வணக்கம். டர்பனில், சாட்ஸ்வர்த்தில், பீனிக்ஸில் வானொலி அருகே இருக்கும் அனைவருக்கும் என் அன்பு. கணினிக்குள் வேலைகள் காத்துக் கிடக்கும் வரிசையைப் பற்றித்தான் இன்று என் பேச்சு.

கேப் டவுனில் லெங்காவ் என்ற மீக்கணினியை, அதாவது சூப்பர் கம்ப்யூட்டரை, 2016இல் திறந்தார்கள். பேருக்குத்தான் அது ஒன்று. உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் கைகோத்து நிற்கின்றன. ஓர் ஆய்வாளர் பத்துக் கணினிகளை ஒரு மணி நேரத்துக்குக் கேட்பார். இன்னொருவருக்கு இருநூறு வேண்டும், அதுவும் ஒரே சமயத்தில், நாள் முழுக்க. யாரை முதலில் விடுவது?

வந்த வரிசைப்படி என்பீர்கள். காவடியன்று கோயில் பந்தியை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் கொண்ட குடும்பம், சேர்ந்துதான் உட்காருவோம் என்று முன்னால் நிற்கிறது. மூன்று இடம் காலி. வரிசைப்படிதான் என்றால் அந்த மூன்றும் சும்மா கிடக்கும், பின்னால் தனியாக வந்த பாட்டி பசியோடு நிற்பார். சரி, பாட்டியை உட்கார வைத்தோம். அடுத்து ஒரு தம்பி, அடுத்து ஒரு அக்கா. இப்படியே விட்டால் பத்து இடம் சேர்ந்து காலியாவது எப்போது? குடும்பம் சாயங்காலம் வரை நிற்க வேண்டியதுதான். கைதேர்ந்த பந்தி விசாரிப்புக்காரர் இலைகளை ஒரு நோட்டம் விடுவார். "பாயசம் வந்தாச்சு, கால் மணியில் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். அதற்குள் சாப்பிட்டு முடிப்பவர் மட்டும் வாங்க" என்பார். பாட்டிக்கும் சாப்பாடு, குடும்பத்துக்கும் தாமதமில்லை.

அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் 128 கணினிகள் சேர்ந்த ஐபிஎம் எந்திரம் ஒன்று இருந்தது. அதற்கு இதே நியாயத்தை விதியாக்கி 1995இல் எழுதினார் டேவிட் லிஃப்கா. பேக்ஃபில்லிங் என்று பெயர். திரும்பச் சொல்கிறேன்: முன்னால் நிற்கும் வேலைக்கு இன்ன நேரத்தில் இடம் என்று வாக்குக் கொடுத்தாயிற்று, அந்த வாக்கைக் கெடுக்காத சின்ன வேலை எதுவானாலும் இடையில் நுழையலாம்.

ஆனால் வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை அனுப்புகிறவர்தான் சொல்ல வேண்டும். சொன்ன நேரம் தாண்டினால் எந்திரம் வேலையை அறுத்துவிடும் என்று பயந்து, ஒரு மணி நேர வேலைக்கு இருபத்துநான்கு மணி நேரம் எழுதுகிறார்கள். மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதுதான்: கொஞ்சம் கூட்டிப் போடுங்கள், தப்பில்லை, இருபத்துநான்கு மடங்கு வேண்டாம். இரண்டு மணி நேர இடைவெளி கண்ணெதிரே திறந்திருக்கும், உங்கள் வேலை அதில் நுழைய முடியாமல் நிற்கும். முதல் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இன்னொன்று. எந்திரம் ஒரு நொடியும் சும்மா இருக்கக் கூடாது என்று மேலதிகாரிகள் கேட்பார்கள். கோபன்ஹேகன் தொலைபேசி இணைப்புகளுக்காக டென்மார்க் கணித அறிஞர் எர்லாங் 1909இல் தொடங்கி வைத்த வரிசைக் கணிதம் இதற்கு விடை சொல்கிறது. வேலைகள் முன்பின்னாக வந்து, அளவிலும் கூடிக்குறைந்தால், ஒற்றை எந்திரம் பாதி நேரம் ஓடும்போது ஒரு வேலை முடிந்து வெளியேற, சராசரியாக அதன் சொந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். 90 விழுக்காடு ஓடினால் பத்து மடங்கு! கொஞ்சம் காலியிடம் வீண் செலவே அல்ல, நான் அடித்துச் சொல்வேன்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பல எந்திரங்களுக்கு வேலையைப் பங்கிடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா வரிசையையும் அளக்க வேண்டாம். ஏதாவது இரண்டைப் பார்த்து, குட்டையானதில் சேர்த்தாலே போதும். கண்ணை மூடி ஒன்றில் சேர்ப்பதைவிட நெரிசல் மிக மிகக் குறையும். 1996இல் அமெரிக்கக் கணினி ஆய்வாளர் மிட்சன்மாக்கர் தம் முனைவர் ஆய்வில் இதைக் கணக்கோடு காட்டினார். நன்றி, வணக்கம்.