விழுதிப் பூவைக் கையில் எடுத்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

மரக்காணம் பக்கம் கடலோரமாகப் போனால் காரை, சங்கஞ்செடி, கள்ளி என்று முள்ளும் புதருமாகக் கிடக்கும். அதற்குள் முள்ளே இல்லாத ஒரு செடி பக்கத்துச் செடிமேல் சாய்ந்து நிற்கும். அதுதான் விழுதி. ஆள் உயரம் வளரும், சில இடங்களில் கொஞ்சம் கூடவும். இளங்கொம்பைத் தடவினால் மாவு தொட்டாற்போல் இருக்கும். மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்து நேயர்களும் பார்த்திருப்பீர்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் பூத்திருப்பதே தெரியாது. வெள்ளையும் பச்சையும் கலந்த நிறம். ஒருமுறை மாணவர்களைக் கூட்டிப் போயிருந்தேன். செடிக்கு நேரே நின்றுகொண்டு, "பூ எங்கே சார்?" என்றான் ஒருவன். ஒரு பூவைக் கிள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தேன். அப்புறம் அவனிடமிருந்து பேச்சே இல்லை.

வானொலியில் காட்ட முடியாது, சொல்லிப் பார்க்கிறேன். புல்லி இதழ் நான்கு. அல்லி இதழ் நான்கு. ஒவ்வொன்றும் சின்னக் கரண்டி மாதிரி, அடியில் மெலிந்து நுனியில் அகன்றிருக்கும். செம்பருத்தியிலோ பூசணியிலோ பார்க்காத ஒன்று நடுவில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு தண்டு எழும்பும். கொஞ்ச தூரம் போனதும் அதிலிருந்து ஐந்து மகரந்தத்தாள்கள் பிரியும். தண்டு அதோடு நிற்காது. மெலிந்து இன்னும் மேலே போய் உச்சியில் சூற்பையைத் தாங்கும். மாடிக்கு மேல் மாடி. போதாததற்கு, ஒரு பக்கம் ஊதுகுழல் போல ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். தேன் அங்கேதான்.

சூற்பையைக் காம்பில் தூக்கி வைப்பது, விழுதி சேர்ந்திருக்கும் ஆதொண்டைக் குடும்பத்து வழக்கம். நல்வேளையிலும் இந்த மாடிக்கட்டு உண்டு. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் நல்வேளை, நாய்க்கடுகு இரண்டையும் வைத்த கிளியோம் பேரினத்திலேயே விழுதியையும் வைத்தார். இன்று அவை தனிக் குடும்பமாகிவிட்டன; விழுதிக்குப் பேரினம் கடாபா. அரபு மொழியிலிருந்து வந்த பெயர்.

நாய்க்கடுகு என்று பெயர் வைத்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கடுகு, நாய்க்கடுகு, முட்டைக்கோஸ், முருங்கை, பப்பாளி, ஆதொண்டை, விழுதி எல்லாம் தாவரவியலில் ஒரே வரிசை. பப்பாளி விதையைக் கடித்துப் பாருங்கள், கடுகுக் காரம் நாக்கில் ஏறும். அது பூச்சிகளை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம். ஆனால் முட்டைக்கோஸை மேயும் வெள்ளைப் பட்டாம்பூச்சிக் குடும்பத்துக்கு அது பலிக்காது. அந்தக் குடும்பத்தில் சிறகு நுனி சிவந்த ஒரு வகை, விழுதி இலையில் முட்டையிடும். புழுவும் இலைப் பச்சை. கண்டுபிடிக்க நேரம் ஆகும்.

சித்த மருத்துவத்தில் குடற்புழுவுக்கு விழுதி இலையைச் சொல்கிறார்கள். அளவெல்லாம் நான் சொல்ல மாட்டேன், வைத்தியரைக் கேளுங்கள்.

காயைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! விரல் போல உருண்டு நீண்ட காய். பழுத்ததும் வெடித்துத் திறக்கும். உள்ளே பளீரென்று செம்மஞ்சள் சதை, அதில் ஒட்டிய விதைகள். அன்று திரும்பும் வழியில் அந்தப் பையன், "சார், இங்கே பாருங்க, சிவப்பு விழுதிப் பூ!" என்று ஓடி வந்தான். அவன் கையில் இருந்தது வெடித்த பழம்.

வணக்கம்.