தீர விசாரிப்பது எப்படி?
(உளவியல் முதலாண்டு மாணவர்களுக்கான ஆய்வு முறைகள் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, கருத்தரங்கைத் தொடங்கி வைத்து, கடைசிவரை இருந்து கேட்பேன் என்று வாக்கும் கொடுத்திருக்கிற துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, புள்ளியியல் மீது இந்த அவைக்கு இருந்த பயத்தில் பாதியை இறக்கி வைத்த பேராசிரியர் அவர்களே, துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, நூலகர் அவர்களே, ஆய்வுக்கூட உதவியாளர்களே! இவர்களை மேடையில் விளிக்கும் வழக்கம் இல்லை. ஆனால் எதிர்வினை நேரம் அளக்கும் கருவி காலையில் உயிரோடு எழுவதே இவர்களால்தான். முதலாண்டு மாணவ மாணவியரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களுக்குத் தெரிந்த பழமொழி ஒன்றோடு தொடங்குகிறேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். உளவியல் ஆய்வு முறைகள் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்குக் கிடைக்கவில்லை. தீர விசாரிப்பதற்கு ஐந்து படிகள் சொல்லப் போகிறேன். கேள்வியை அமைப்பது, அளப்பது, ஆட்களைத் தேர்வது, ஒப்பிடுவது, அறநெறி காப்பது. ஐந்தையும் சொல்லி முடிக்க நேரம் கிடைக்குமா என்பது தலைவர் அவர்களின் கையிலுள்ள மணியைப் பொறுத்தது.

முதலில் கேள்வி. “செல்பேசி மனதைக் கெடுக்கிறதா?” என்பது பட்டிமன்றத் தலைப்பு. அதை வைத்துக்கொண்டு ஒருவரைக்கூட ஆய்வுக்கூடத்துக்கு அழைக்க முடியாது. இப்படி மாற்றுங்கள்: படுக்கும் முன் 60 நிமிடம் செல்பேசி பார்த்தவர்களுக்கும், அதே 60 நிமிடம் அச்சுப் புத்தகம் படித்தவர்களுக்கும், விளக்கை அணைத்த பிறகு தூக்கம் வர ஆகும் நிமிடங்களில் வேறுபாடு உண்டா? இப்போது நாம் மாற்றிப் பார்க்கும் சாரா மாறி எது, அதனால் மாறுகிறதா என்று அளக்கும் சார்ந்த மாறி எது, எதை எந்த அலகில் அளக்கப் போகிறோம் என்பதெல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. இதற்குச் செயல்முறை வரையறை என்று பெயர். உங்கள் கேள்வியில் அலகு இல்லையென்றால் அது இன்னும் ஆய்வுக் கேள்வி ஆகவில்லை.

அடுத்தது அளப்பது. ஐந்து புள்ளி மனப்பான்மை அளவுகோலை எல்லோரும் எடுத்துக்கொள்கிறீர்கள். அளப்பதில் தவறு வழக்கமாக மூன்று இடங்களில் நுழையும். ஒன்று, “என் வேலை பிடித்திருக்கிறது, சம்பளமும் போதுமானது” என்று ஒரே வாக்கியத்தில் இரண்டைக் கேட்பது. வேலை பிடித்து, சம்பளம் போதாதவர் எந்த எண்ணை வட்டமிடுவார்? இரண்டு, எதிர்மறை வாக்கியங்களின் மதிப்பெண்ணைத் திருப்ப மறப்பது. ஐந்து புள்ளி அளவுகோலில் 6-இலிருந்து மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால், வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா சரிந்து விழும், சில சமயம் எதிர்மறையாகவே போகும். உடனே “அளவுகோல் சரியில்லை” என்று அதன் மேல் பழி போடுவார்கள்.

மூன்றாவது, நேரடி உற்றுநோக்கலில் வருவது. இரண்டு பேர் ஒரே வகுப்பறைக் காணொளியை 100 துண்டுகளாகப் பார்க்கிறார்கள். குழந்தை இன்னொரு குழந்தையை அடித்ததா என்று குறிக்கிறார்கள். ஒருவர் 5 துண்டுகளில் ‘ஆம்’ போடுகிறார். மற்றவரும் 5 துண்டுகளில் ‘ஆம்’ போடுகிறார், ஆனால் அவை முற்றிலும் வேறு ஐந்து துண்டுகள். இருவரும் முரண்பட்டது பத்துத் துண்டுகளில்தான், ஆகவே உடன்பாடு 90 சதவீதம் என்று அறிக்கையில் எழுதலாம், அது பொய்யும் ஆகாது. ஆனால் ஓர் அடியைக்கூட இருவரும் சேர்ந்து பார்க்கவில்லை! தற்செயலாக வரக்கூடிய உடன்பாட்டைக் கழித்துக் கணக்கிடும் கோஹென் காப்பா போட்டுப் பாருங்கள், சுழியத்துக்கும் சற்றுக் கீழே வரும். அரிதான நடத்தையை அளக்கும்போது வெறும் சதவீத உடன்பாட்டை நம்பாதீர்கள். நான்கு கண்கள் கண்டாலும் கண்ணால் காண்பது பொய்தான்.

இப்போது ஒப்பிடுதலுக்குத் தாவுகிறேன். ஆட்களைத் தேர்வதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஒப்பிடுதல் என்றால் ஹான்ஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹான்ஸ் ஒரு குதிரை.

1904. பெர்லின் நகரம். வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டென் என்று ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர். கற்பிக்க மாணவர்கள் இல்லை, குதிரை இருந்தது. குதிரைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். குதிரை கற்றுக்கொண்டது! கூட்டல் கேட்டால் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். பின்னம் சொல்லும். இன்று என்ன தேதி என்றால் அதையும் தட்டும். எழுத்துகளுக்கு எண் கொடுத்த பலகையை வைத்துப் பெயர்களை எழுத்துக் கூட்டும். பார்க்க வந்தவர்களிடம் அவர் கட்டணம் வாங்கவில்லை. ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வழியில்லை. உளவியல் பேராசிரியர் கார்ல் ஷ்டும்ஃப் தலைமையில் குழு ஒன்று அமைந்தது. விலங்கு மருத்துவர், சர்க்கஸ் நிர்வாகி, விலங்குக் காட்சிச்சாலைக்காரர், பள்ளி ஆசிரியர்கள், குதிரைப்படை அதிகாரி எல்லோரும் அதில் இருந்தார்கள். செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: தந்திரம் ஏதும் தெரியவில்லை.

அத்தனை பெரியவர்களும் கண்ணால் கண்டார்கள். குளம்புச் சத்தத்தைக் காதால் கேட்டார்கள். தீர விசாரிக்கும் பொறுப்பு ஷ்டும்ஃபிடம் பயின்ற இளைஞர் ஒருவர் தலையில் விழுந்தது. அவர் பெயர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட். அவர் செய்ததைக் கவனியுங்கள், நம் பாடத்திட்டம் முழுவதும் அதில் இருக்கிறது. முதலில் கேள்வி கேட்பவரை மாற்றினார். ஆஸ்டென் இல்லாமல் வேறு ஆட்கள் கேட்டாலும் குதிரை பல முறை சரியாகச் சொன்னது. ஆகவே உரிமையாளரின் தந்திரம் என்ற விளக்கம் போயிற்று. அடுத்து, எண் எழுதிய அட்டையைக் கேட்பவர் பார்க்காமலே குதிரைக்குக் காட்ட வைத்தார். ஒருவர் குதிரையின் காதில் ஓர் எண்ணைச் சொல்ல, இன்னொருவர் வேறோர் எண்ணைச் சொல்ல, கூட்டுத்தொகை குதிரைக்கு மட்டுமே தெரியும்படி செய்தார். ஹான்ஸின் கணக்கு அங்கே கவிழ்ந்தது. கேட்பவருக்கு விடை தெரிந்தால் குதிரைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. பிறகு கண்மறைப்பு கட்டினார். கேட்பவரைப் பார்க்க முடியாதபோதும் தவறு, பார்க்கத் துடித்துக் குதிரை முரண்டு பிடித்தது. கடியும் வாங்கினார் ஃபுங்ஸ்ட். ஆய்வில் இடர்ப்பாடு என்றால் வினாத்தாள் திரும்பி வராததுதான் என்று நினைக்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

விடை இதுதான். கேட்டு முடித்தவர் குளம்பைப் பார்க்கத் தலையைச் சற்றே குனிவார். சரியான எண்ணிக்கை வந்ததும் தம்மை அறியாமல் இம்மியளவு நிமிர்வார். அந்த நிமிர்வைக் கண்டதும் குதிரை நிறுத்தும். ஃபுங்ஸ்ட் இதோடு விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் தாமே குதிரையின் இடத்தில் இருந்து, பிறர் மனதில் நினைத்த எண்ணைக் கையால் தட்டிச் சொன்னார், பெரும்பாலும் சரியாகச் சொன்னார். இன்னும் வேடிக்கை, அந்த அசைவு என்னவென்று தெரிந்த பிறகும் அதை அடக்குவது அவருக்கே கடினமாக இருந்தது. 1907-இல் நூலாக வந்தது. ஆஸ்டென் கடைசிவரை ஏற்கவில்லை என்பார்கள், அவர் மேல் குற்றம் இல்லை, அவர் ஏமாற்றவில்லையே.

“அது குதிரை, நாங்கள் மனிதர்களை ஆய்கிறோம்” என்பீர்கள். 1963-இல் ராபர்ட் ரோசந்தாலும் கெர்மிட் ஃபோடும் 12 மாணவர்களிடம் ஆளுக்கு 5 எலி கொடுத்தார்கள். ஆறு பேரிடம் இவை சிக்கல்வழியில் சமர்த்தான இனம் என்றார்கள், மற்ற ஆறு பேரிடம் மந்தமான இனம் என்றார்கள். எலிகள் எல்லாம் ஒரே வகை, கண்ணை மூடிப் பிரித்துக் கொடுத்தவை. ‘சமர்த்து’ எலிகள் நன்றாக ஓடின. மாறியது மாணவரின் எதிர்பார்ப்பு மட்டும்.

ஆகவே செய்ய வேண்டியது: எந்த ஆள் எந்தக் குழு என்பது, அளப்பவருக்குத் தெரியக் கூடாது. குழுப் பிரிப்பை ஆய்வில் சேராத ஒருவர் செய்யட்டும். ஆட்களை நான்கு நான்காகத் தொகுதி கட்டி, ஒவ்வொன்றிலும் சோதனைக் குழுவுக்கு இருவர், ஒப்பிட வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு இருவர் வரும்படி வைத்தால் ஆறு வரிசைகள் உண்டு. கணினியால் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாத உறையில் எண்ணிட்டு ஒட்டுங்கள். ஆள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகே உறை பிரிய வேண்டும். காலையில் வந்தவர்கள் சோதனைக் குழு, மாலையில் வந்தவர்கள் கட்டுப்பாட்டுக் குழு என்று பிரித்தால், நீங்கள் அளப்பது தூக்கக் கலக்கத்தை. பட்டியலில் ஒற்றை எண், இரட்டை எண் என்று பிரிப்பதும் ஆபத்துதான். அடுத்து வருபவர் எந்தக் குழு என்பது உதவியாளருக்கு முன்பே தெரிந்துவிடும்.

இனி நான் உண்மையில் பேச வந்த விஷயம். துறைத் தலைவர் அம்மையார் அவர்கள் பொறுத்தருள வேண்டும், இதை எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

உறை ஒட்டியாயிற்று, குதிரைக்குக் கண்மறைப்பும் கட்டியாயிற்று. ஆனால் ஆய்வாளரின் கண்ணுக்கு யார் மறைப்பு கட்டுவது? தரவு கையில் வந்த பிறகு கருதுகோளை, அதாவது இப்படித்தான் வரும் என்ற எதிர்பார்ப்பை, எழுதினால் எல்லாம் உண்மையாகிவிடும். பந்தயம் முடிந்த பிறகு ஜெயித்த குதிரை மேல்தான் பணம் கட்டினேன் என்று சொல்வதற்கு என்ன திறமை வேண்டும்? கணக்கு சொல்கிறேன். எந்த விளைவும் இல்லாத இடத்தில், ஒன்றையொன்று சாராத 20 ஒப்பீடுகளைச் செய்தால், ஒன்றாவது 0.05-க்குக் கீழே, அதாவது ‘தற்செயல் அல்ல’ என்று வழக்கமாக ஏற்கும் எல்லைக்குள், வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டு அளவுகளில் ஒன்றைத் தேர்வது, பத்துப் பத்து ஆட்களாகக் கூட்டிப் பார்ப்பது, பாலினத்தைச் சேர்ப்பது நீக்குவது, ஒரு குழுவை விட்டுவிடுவது ஆகிய நான்கு சலுகைகளையும் ஆய்வாளர் எடுத்துக்கொண்டால், பொய்யான கண்டுபிடிப்பு 5 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்தைத் தாண்டும் என்று 2011-இல் சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சன் மூவரும் கணினிப் பாவனையில் காட்டினார்கள். இச்சலுகைகளை எடுத்துக்கொள்ளும் ஆய்வாளர்களை நான் மோசடிக்காரர்கள் என்று சொல்லவில்லை. ஆஸ்டெனைப் போல நல்லவர்கள்தான், தலை நிமிர்வது அவர்களுக்கே தெரியாது.

2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் கொண்டவை, அதாவது அந்த 0.05 எல்லைக்குள் வந்தவை. மீள்சோதனையில் 36 சதவீதம்தான் தேறியது. கண்ணால் காண்பதும் பொய், அச்சில் காண்பதும் பொய் என்று பழமொழியை நீட்ட வேண்டியதுதான்.

இதற்கு மருந்து முன்பதிவு. தரவு சேர்க்கும் முன்பே, நாள் நேரத்தோடு, திருத்த முடியாத இடத்தில், திட்டத்தை எழுதி வைப்பது. ஒரே பக்கம் போதும். கருதுகோள் என்ன, எந்தத் திசையில். முதன்மை அளவு எது, ஒன்றே ஒன்று. எத்தனை பேர், எப்போது நிறுத்துவீர்கள். யாருடைய தரவை நீக்குவீர்கள்: உதாரணமாக 200 மில்லி விநாடிக்குக் குறைவான, 2,000 மில்லி விநாடிக்கு மேற்பட்ட எதிர்வினைகளை. எந்தச் சோதனை போடுவீர்கள். இங்கேதான் ஆட்களின் எண்ணிக்கையும் வருகிறது. மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு திட்ட விலக்கம்; இரு குழுச் சராசரிகளுக்கிடையே அரைத் திட்ட விலக்க அளவு வேறுபாடு இருந்தால், அதை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். நீங்கள் வழக்கமாக எடுக்கும் 20 பேரில் அந்த வாய்ப்பு மூன்றில் ஒன்று. விளைவு அதைவிடச் சிறியதானால், ஐந்தில் ஒரு திட்ட விலக்கம் என்று வைத்துக்கொள்வோம், குழுவுக்கு 390-க்கு மேல் வேண்டும். அத்தனை பேர் கிடைக்கவில்லையென்றால் ஒரே ஆளை இரண்டு நிலையிலும் அளக்கும் வடிவமைப்புக்குப் போங்கள், வரிசையை மாற்றி மாற்றிக் கொடுக்க மறக்காதீர்கள்.

“கையைக் கட்டிப் போடுகிறீர்களே” என்று எனக்கு முன் பேசிய பேராசிரியர் தேநீர் வேளையில் கேட்டார்கள். கட்டவில்லை ஐயா. திட்டம் மாறலாம், மாறிய நாளையும் காரணத்தையும் எழுதுங்கள். எதிர்பாராமல் கண்டதையும் தாராளமாக வெளியிடுங்கள், தேடிக் கண்டது என்று தலைப்புப் போட்டு. திட்டத்தைப் பார்த்தே கட்டுரையை ஏற்கும் முறையை 2013-இல் ‘கார்டெக்ஸ்’ இதழ் தொடங்கியது. அம்முறையில் வந்த உளவியல் கட்டுரைகளில் முதல் கருதுகோள் தேறியது 44 சதவீதம், வழக்கமான கட்டுரைகளில் 96 சதவீதம் என்று 2021-இல் வந்த ஓர் ஒப்பீடு சொல்கிறது. எந்த எண்ணை நம்புவது என்று அவையே முடிவு செய்யட்டும்.

மணி அடித்துவிட்டது. ஆட்களைத் தேர்வதில் இன்னும் சொல்ல வேண்டியது நிறைய உண்டு, அறநெறியைத் தொடவே இல்லை. அடுத்துப் பேசவிருக்கும் அம்மையார் அறநெறிக் குழுவில் இருப்பவர், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

துணைவேந்தர் அவர்களிடமும் துறைத் தலைவர் அவர்களிடமும் மூன்று விண்ணப்பங்கள். இந்த ஆண்டு முதல் ஒவ்வொரு மாணவர் ஆய்வேட்டிலும் முன்பதிவுப் பக்கத்தை முதல் பின்னிணைப்பாகக் கேளுங்கள். வாய்மொழித் தேர்வில் முடிவைக் கேட்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். வேறுபாடு ஏதும் வரவில்லை என்று முடிந்த ஆய்வேட்டுக்கு, முறை சரியாக இருந்தால், முழு மதிப்பெண் உண்டு என்று விதியில் ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாதவரை மாணவர்கள் 20 ஒப்பீடுகளையும் செய்துகொண்டேதான் இருப்பார்கள். முன்பதிவுப் படிவத்தின் பிரதிகள் பின்வரிசை மேசையில் இருக்கின்றன, நூலகர் அவர்கள் அச்சிட்டு உதவினார்கள். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள், முதல் கட்டத்தில் எழுத வேண்டியது தேதி. நன்றி, வணக்கம்.