திருகாணிக் கணக்கில் நடந்த நகராட்சி

நண்பர்களே, ஜோசப் சேம்பர்லேன் என்றால் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர்க் காலத்தில் பிரிட்டனின் குடியேற்ற நாடுகளை, அதாவது காலனிகளை, கவனித்த அமைச்சர் என்றுதான் பலருக்கும் நினைவு வரும். அந்த ஆளைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதலில் ஒரு திருகாணியைக் கையில் எடுக்க வேண்டும்.

பழைய மரத்திருகாணிக்கு முனை மொண்ணை. தச்சர் முதலில் துளை போட்டால்தான் அது உள்ளே இறங்கும். அமெரிக்கக் காப்புரிமையில் வந்த கூர்முனைத் திருகாணியோ மரத்தைத் தானே கவ்விக்கொண்டு போகும். அந்த உரிமைக்காக, இங்கிலாந்தின் பர்மிங்காமில் அத்தை கணவர் நெட்டில்ஃபோல்டு நடத்திய தொழிலில் சேம்பர்லேனின் அப்பா 10,000 பவுண்டு போட்டார். போட்ட பணத்தைக் கவனிக்க 1854-இல் 18 வயது மகனை அனுப்பினார். பையன் பார்த்தது இயந்திரத்தை அல்ல, கணக்கையும் விற்பனையையும். 1874-இல் பங்கை விற்று வெளியே வந்தபோது அவர் பெரும் செல்வந்தர்.

அதற்கு முந்தைய ஆண்டே பர்மிங்காம் மேயராகிவிட்டார். ஊரில் இரண்டு எரிவாயு நிறுவனங்கள். குழாய் பதிக்கப் போட்டி போட்டுக்கொண்டு தெருவைத் தோண்டின. ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டுக்கு இரண்டையும் நகராட்சியே வாங்கியது. இதன் சூட்சுமம் வட்டியில் இருக்கிறது. வரி வருமானத்தை ஈடு காட்டும் நகராட்சிக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். தனியார் பங்குதாரருக்குப் போய்க்கொண்டிருந்த லாபத்தில் அந்த வட்டியைக் கட்டியது போக மிச்சம் ஊருக்கு. முதல் ஆண்டிலேயே 34,000 பவுண்டு மிஞ்சியது. தண்ணீரில் மட்டும் லாபம் பார்க்கக் கூடாது என்றார். ஊரில் பாதிப்பேர் சாக்கடை கசிந்த கிணற்றுநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

குடிசைப் பகுதியில்தான் கணக்கு பிசகியது. 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நெரிசலான சந்துகளை இடித்துக் கார்ப்பரேஷன் தெருவைப் போட்டார்கள். மனைகளை 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். வாடகை தரக்கூடிய கடைகள் வந்தன. இடிபட்ட வீட்டுக்காரர்கள் பக்கத்துத் தெருக்களில் போய் நெருக்கியடித்தார்கள். மேயரைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

1876-இல் நாடாளுமன்றம் போனார். வணிகத்துறை அமைச்சராக 1883-இல் கொண்டுவந்த காப்புரிமைச் சட்டம் தொடக்கக் கட்டணத்தை 25 பவுண்டிலிருந்து 4 ஆக இறக்கியது. காப்புரிமையால் பிழைத்தவர் செய்யக்கூடிய வேலைதான்! 1886-இல் அயர்லாந்துத் தன்னாட்சிப் பிரச்சினையில் தன் லிபரல் கட்சித் தலைவரும் பிரதமருமான கிளாட்ஸ்டனை விட்டுப் பிரிந்தார். கட்சியும் உடைந்தது. பிரிந்தவர்கள் பிறகு கன்சர்வேட்டிவ்களோடு அணி சேர்ந்தார்கள்.

1903-இல் குடியேற்ற நாடுகளுக்குச் சலுகை, வெளிநாட்டுச் சரக்குக்கு வரி என்று கிளம்பினார். வெளிநாட்டுத் தானியத்துக்குக் குவார்ட்டர் என்ற பழைய தானிய அளவு ஒன்றுக்கு 2 ஷில்லிங் வரி. அதே காசுக்குக் கிடைக்கும் ரொட்டி சுருங்கிவிடும் என்று எதிரணி பிடித்துக்கொண்டது. பர்மிங்காம் பிங்லி மண்டப மேடையில் வரி இல்லாமல் ஒன்று, வரியோடு ஒன்று என இரண்டு ரொட்டிகளைத் தூக்கிக் காட்டி, எது பெரியது, சொல்லுங்கள் என்றார். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவு என்பது அவர் கணக்கு, கணக்கு சரிதான். ஆனால் ரொட்டியை எடைபோட்டுப் பார்த்து யாரும் ஓட்டுப் போடுவதில்லையே. 1906 தேர்தலில் அவர் அணி நாடெங்கும் மண்ணைக் கவ்வியது. பர்மிங்காமின் ஏழு தொகுதிகள் மட்டும் ஒன்றுகூட நழுவவில்லை.